தீர்ப்பு சொல்லாத சபை

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது ஆறு, வளர்த்து ஆளாக்கியது நாலு. நாலையும் மீன் கூடை சுமந்தே வளர்த்தேன், ஒருத்தரிடமும் கை நீட்டவில்லை. அப்படிப்பட்டவள் இப்போது அண்ணாமலை நகரில் வாசலில் நின்று ஐஸ் மீனுக்கு விலை கேட்கிறேன். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் சைக்கிள்காரன், "வாங்குனா வாங்கு பாட்டி, எனக்குக் கிளாஸ் எடுக்காத" என்கிறான். மீனைப் பற்றி எனக்கு இவன் சொல்கிறான். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகும் சில வருஷம் கரையில் தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில் இங்கே குடிவந்தோம். கடலூரிலிருந்து சிதம்பரம் ஒன்றும் சீமை இல்லை. ஆனாலும் பகலிலேயே கேட்டைப் பூட்டிக்கொள்கிற இந்தத் தெரு எனக்கு அந்நிய தேசம்தான். கரையிலிருக்கும் என் சனங்களுக்கும், என்னைப்போல உள்ளே வந்துவிட்டவர்களுக்கும்தான் இதைச் சொல்கிறேன்.

என் கடைசி மகன் குமாருக்கு இங்கே ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை. அவனுடைய குடியும் கூடவே பஸ் ஏறி வந்தது. மருமகள் வள்ளி அதிகம் பேசாதவள். ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, "அத்த, இன்னொரு தடவ குடிச்சிட்டு வந்தாருன்னா புள்ள சுகன்யாவக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

கரையில் இருந்தால் இதற்கு முறை உண்டு. கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடும். குற்றம் செய்தவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன் நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும், ஊர்த் தலைவரான நாட்டார் தீர்ப்பு சொல்வார். குமார் இரண்டு முறை விழுந்திருக்கிறான். இரண்டு முறையும், மறுபடி போட் கரையேறியதும், உடம்பு வலிக்கு என்று தீர்ப்பு சொன்னவர்களே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொன்னாள். குமாருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு, அவனை இழுத்துப்போனேன். பெஞ்சுகளில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சபை கூடியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். குமாரின் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, "வுழுடா" என்றேன். விழுந்தான். மொத்தப் பேரும் பதறி எழுந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் ஓடிவந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"அம்மா, இங்க யாரும் யார் கால்லயும் வுழக் கூடாது."

"அப்ப இங்க நாட்டார் யாரு? யாரு தீர்ப்பு சொல்லுவா?"

"தீர்ப்பே கெடையாதும்மா. நாங்க எல்லாருமே குடிச்சவங்கதான்."

குற்றவாளிகளே சபையா? ஒருத்தன் எழுந்து நான் குடிகாரன் என்கிறான், மற்றவர்கள் மரியாதையாக வணக்கம் வைக்கிறார்கள். அப்புறம் டீ, பிஸ்கட். குடிகாரனுக்கு விருந்து. குடும்பத்தாருக்கும் பக்கத்து அறையில் கூட்டம் உண்டு, நீங்களும் வரலாம் என்றார் கண்ணாடிக்காரர். "நானா குடிச்சேன்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வழி முழுக்கத் திட்டினேன். ஆனால் அடுத்த ஞாயிறு குமார் தானே சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. கடைத்தெருவில் மீன் விற்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரி, எல்லார் காதிலும் விழும்படி, "என்னக்கா, மவனக் குடிகாரப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டியாமே, பரிச்ச எப்ப?" என்றாள். "ஒன் புருசனையும் அனுப்பு. பெஞ்சுல எடம் இருக்கு" என்றேன். அப்புறம் அவள் மீனைத்தான் பார்த்தாள்.

அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் குமாரைக் கேட்டுக்கொண்டு அவன் பேச்சை மட்டும் சொல்கிறேன். குடும்பத்தாரும் கூட உட்காரலாம் என்று விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்குக் கடலப் பாத்தா பயம். அது ஊருக்குள்ள வந்துச்சுல்ல, அன்னிலேந்து. ஊத்திக்கிட்டாத்தான் போட்டுல கால் வெக்க முடியும். எங்கம்மாவுக்கே தெரியாது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கடல் பயமா? கரையில் இதைச் சொல்லியிருந்தால் சேலை கட்டிக்கொள் என்றிருப்பார்கள். அப்படி நினைத்த பிறகுதான் கோபம் வேறு பக்கம் திரும்பியது. இரண்டு முறை அவனை மண்ணில் விழவைத்த பெரிய மனுஷர்களே, ஏன்டா குடிக்கிறாய் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்களா? அதைச் சொல்ல அவனுக்கு, வலை பிடித்தே அறியாத ஆட்கள் அல்லவா வேண்டியிருந்தது? இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இப்போதும் ஞாயிறானால் போகிறோம். பக்கத்து அறையில் நானும் உட்காருகிறேன், பேசுவதில்லை. திரும்பும்போது பஸ் முதுநகரைத் தொட்டதும் துறைமுகத்து மீன் வாடை உள்ளே வரும். சிலர் மூக்கைப் பொத்துவார்கள். குமாரின் கை ஜன்னல் பக்கம் போகும். முன்பெல்லாம் அவன் ஜன்னல் ஷட்டரை இறக்கினால் சண்டை போட்டு ஏற்றுவேன். இப்போது நானே அவனுக்காக இறக்குகிறேன். முழுக்க இல்லை. அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதற்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

போதும் சுகன்யா, பேனாவை மூடு. எனக்குக் கையெழுத்துக்கு மேல் வராது, நீ எழுதியது சரிதானா என்று கேட்கவேண்டும். ஒங்கம்மா அடுப்படியில இருக்கா, அப்பா தின்னுட்டுப் படுத்திருக்கான், ரெண்டு பேருக்கும் கேக்கறாப்புல படி. பயம்னு வர்ற எடத்துல கொரல எறக்காத.