ஜிம்மியை இழுக்கப் பழக்கியவன்

முந்தாநாள் சாயங்காலம் எங்கள் நாய் ஜிம்மி கயிற்றை இழுத்த இழுப்பில், என் மனைவி தெருமுக்கில் விழுந்துவிட்டாள். உள்ளங்கையில் கட்டு.

“இழுத்தா அசையாம நிக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்? எங்கிட்ட இழுக்குதா?” என்று அவளைத்தான் கடிந்துகொண்டேன். நாயை வள்ளியூருக்கு, மகன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னேன்.

“பாவம், அது என்ன செய்யும்?” என்றாள்.

இன்று காலை வழக்கம்போல் நான் கூட்டிப்போனேன். இழுத்தபோதெல்லாம் நின்றேன். அது திரும்பிப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்தியபின் நடந்தேன். டீக்கடை அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். “சார்வாள், அந்த முக்குல இருந்து தெனமும் உங்களை இழுத்துட்டுல்லா வருது! வந்ததும் அதுக்கு ரஸ்கு வேற போடுதிய. அம்மா விழுந்ததும் அங்கனதான்.”

உண்மைதான். தெரு முழுக்கப் பொறுமையாக இருப்பவன், கடை கண்ணில் பட்டதும் டீ அவசரத்தில் அதோடு சேர்ந்து ஓடியிருக்கிறேன். தப்பான கணக்குக்குத் தினமும் சரி போட்டுவிட்டு, பரீட்சையன்று பிள்ளையை அடிக்கிற வாத்தியார் நான்.

வீட்டுக்கு வந்து அவள் கையைப் பார்க்காமலே ஒப்புக்கொண்டேன்.

“நாய் எங்கயும் போகாது. நாளையில இருந்து நீங்க டீயை வீட்டுலயே குடிங்க” என்றாள்.

ஜிம்மி ஒரு வாரத்தில் பழகிவிடும். அறுபத்தாறு வயது ஆளை அந்தக் கடையைத் தாண்டி நடக்கப் பழக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.