மூன்றரை வருடம் பாராமல்

காலை எட்டரை மணி, ஒன்பது கணினிகள், அவற்றில் வேலை செய்கிற ஒன்றின் முன்னால் என் ஆராய்ச்சி மாணவி மதுஷா: யாழ்ப்பாணத்தில் துகள் பௌதிக ஆராய்ச்சி என்றால் இவ்வளவுதான். ஐரோப்பாவில் நிலத்தடியில் புரோத்தன்களை மோதவிடுவார்கள். சிதறல்களின் பதிவு இணையத்தில் வரும். அதில் புதிய துகள் உண்டா என்று நாங்கள் தேடுவோம். இருக்காது. ஆராய்ச்சி மாணவர்களோடு மாரடித்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

மூடிய பகுதி

அந்தப் பதிவில் புதிய துகள் தெரியக்கூடிய பகுதியை மூடி வைத்துக்கொண்டு வேலை செய்வது எங்கள் வழக்கம். எதை எடுப்பது, எதை விலக்குவது என்ற எல்லைகளை உறுதிசெய்த பிறகே திறப்போம். திறந்தபின் எதையும் மாற்றக்கூடாது, ஆசை பொல்லாதது.

மதுஷா மூன்றரை வருடம் அப்படி வேலை செய்தாள். திறப்பு வியாழக்கிழமை. பருத்தித்துறையில் கிடைத்த ஆசிரியர் நியமனத்தை வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பேற்க வேண்டும். துகளின் சாயல் தெரிந்தால் வெளிநாட்டுக் குழுவொன்று அவளை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் பருத்தித்துறை. புதன்கிழமை கன்ரீன்காரர் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: "பாக்காமலே மூண்டரை வருஷமோ? கலியாணம்கூட இப்ப அப்பிடி நடக்கிறேல்லை, தங்கச்சி."

அடுத்த பொறி

அன்று பின்னேரம் இணையவழிக் கூட்டம். இன்னும் பெரிய மோதுபொறி கட்டுவதா, அந்தப் பணத்தைச் சிறிய ஆய்வுகளுக்குக் கொடுப்பதா என்று இரண்டு மணி நேரம் சண்டை. எங்கள் முறை வந்தபோது மின்சாரம் போனது. கோட்பாட்டு ஆய்வாளர் சாமுவேல் இருட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இதிலை இல்லையெண்டால் அடுத்ததிலை இருக்குமெண்டு எழுதி எழுதியே நான் பென்சனுக்குக் கிட்ட வந்திட்டன், அண்ணை."

வியாழன்

திறந்தோம். வரைபில் ஒரு சின்ன மேடு. துகளின் சாயலாகவும் இருக்கலாம், தற்செயலாகவும் வரக்கூடியது.

நான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஓர் எல்லையைச் சற்றுத் தள்ளினேன். மேடு நிமிர்ந்தது, வெளிநாட்டுக் குழு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "முதலே உப்பிடி வைச்சிருக்கலாம்தானே, பிள்ளை" என்றேன். மதுஷா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். எல்லைக்குப் பழைய எண்ணையே தட்டினாள். மேடு படுத்தது. "உது பொய்யெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சேர். நான் பஸ்ஸுக்குப் போகோணும்."

வெள்ளி

ஆய்வுகூடச் சாவியைத் தர வந்த மதுஷாவைப் பருத்தித்துறைக்குக் கூட்டிப்போக அவளுடைய அப்பா மோட்டார்சைக்கிளோடு பல்கலைக்கழக வாசலில் நின்றார். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்பவர். "ஒண்டும் இல்லையெண்டு கண்டுபிடிக்க மூண்டரை வருஷமோ, சேர்?" என்று கேட்டார். பின்னால் ஏறியபடி மதுஷாதான் சொன்னாள்: "ஓம் அப்பா. இனி ஆரும் அந்த இடத்திலை தேடத் தேவையில்லை."

அடுத்த வருடம் மாசி பன்னிரண்டாம் திகதி, எதுவும் காணப்படவில்லை என்ற முடிவோடும் மாற்றாத எல்லைகளோடும் அவளுடைய கட்டுரை வெளிவந்தது. அன்று அவள் பருத்தித்துறையில் எட்டாம் ஆண்டுக்குக் காந்தம் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.