ஏழரை நூல்

பக்கிரி நேர்மையானவன் என்று அவனைத் தெரிந்தவர்கள் யாரும் சொன்னதில்லை. அவனும் சொல்லிக்கொண்டதில்லை. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவன். படகில் ஏறினால் குமட்டல் நிற்காது. மூன்று வருடம் வாந்தி எடுத்த பிறகு அப்பன் கைவிட, லாரிக்கு வந்தான். லாரி அவனுக்கு ஒத்துக்கொண்டது. சிதம்பரம் உத்திராபதியின் ஐந்து லாரிகளில் ஒரே ஒரு டீசல் லாரி அவன் கையில்தான் இருந்தது. அவனைப் பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடிய நல்ல விஷயம், இஞ்சின் சத்தத்தை அவன் காது கொடுத்துக் கேட்பான் என்பதுதான்.

அறுபத்து நான்காம் வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கருவாட்டு மூட்டைகளோடு வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியபோது ஆயில் காட்டும் முள் பொத்தென்று விழுந்தது. பக்கிரி அந்த நொடியே இஞ்சினை நிறுத்தினான். கீழே படுத்துப் பார்த்தான். ஆயில் தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய போல்ட் இல்லை. ஓட்டையிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சாலையில் கிடந்த ஆயில் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். கோடு பாலத்தின் நடுவில் தொடங்கியது. போல்ட் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும்.

மூட்டைகளின் மேலே உட்கார்ந்து வந்த கருவாட்டுக்காரி கொளஞ்சியம்மாள் அங்கிருந்தே கத்தினாள். "என்னாடா பக்கிரி, ஆத்துல என்னா தேடுற? உங்கப்பன் வுட்ட வலையா?"

"ஆயில் போல்ட்டு போயிடுச்சி அத்தை."

"போனா வேற ஒண்ணு போடு. நாளைக்கு விடிஞ்சா சேத்தியாத்தோப்பு சந்தை. நான் அங்க இருக்கணும், என் சரக்கும் அங்க இருக்கணும்."

"இதுக்கு வேற எதுவும் சேராது."

அது உண்மை. ஏன் சேராது என்பது பக்கிரிக்குத் தெரியும், அவள் அறியமாட்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அந்த லாரி வந்த புதிதில், பழைய போல்ட்டின் தலை மழுங்கிவிட்டதென்று பக்கிரி கடையில் ஒரு புது போல்ட் வாங்கினான். அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நூல். பட்டறைக்காரர்களுக்கு அன்றும் அதுதான் கணக்கு. சேர், படி எல்லாம் போய் கிலோவும் லிட்டரும் வந்துகொண்டிருந்தன, நூல் மட்டும் போகவில்லை. ஏழு நூல் போல்ட்டைப் பழையதோடு சேர்த்துப் பிடித்தால் தடிமனில் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த இஞ்சின் ஜெர்மன்காரனுடையது. அதன் அளவு மில்லிமீட்டரில் இருந்தது, திருகு மரை நெருக்கமானது. போல்ட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. இரண்டு சுற்று ஏறியது ஏன் மீதியும் ஏறக்கூடாது என்று பக்கிரி ஸ்பானரில் குழாயைச் செருகி மிதித்தான். தொட்டியின் மரை மொத்தமாக அழிந்தது.

அதைச் சரி செய்தவன் லூர்துசாமி. திருப்பாதிரிப்புலியூரில் சின்னையன் லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன். பக்கிரிக்கு ஒரே சிநேகிதன். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயில் தொட்டியின் சுவர் மெல்லியது. ஒரு நூல் கூட்டினால் வெடித்துவிடும். அரை நூல் மட்டும் கூட்டி, அதற்கு மரை வெட்டும் உளியைத் தானே கடைந்து, பதம் வைத்து, ஒரு பகல் முழுவதும் லாரிக்கு அடியில் கிடந்து வெட்டினான். அந்த அளவில் ஒரு போல்ட்டும் கடைந்து போட்டான். எந்தக் கடையிலும் இல்லாத அளவு அது.

மறுவாரம் உத்திராபதி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஜெர்மன் போல்ட்டு எங்கடா? இதை எவன் கெடுத்தது?"

பக்கிரி சொன்னான்: "லூர்து கழட்டுறப்ப போயிடுச்சி மொதலாளி."

அவ்வளவுதான் சொன்னான். ஐந்து லாரி வேலையும் சின்னையன் பட்டறையிலிருந்து வேறு பட்டறைக்குப் போனது. லூர்துசாமி வாயைத் திறக்கவில்லை. அவன் சண்டைக்கு வந்திருந்தால் பக்கிரிக்கு மறுநாளே அந்தப் பக்கம் போக முடிந்திருக்கும். அவன் வரவில்லை. கடலூருக்கு லோடு ஏற்றிப் போகும் நாளெல்லாம் பட்டறை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான் பக்கிரி. கடற்கரையில் வறுத்த கடலையைப் பகிர்ந்து தின்ன இப்போது ஆளில்லை. எதிர் லாரியில் வருபவன் கையசைத்தால், அதைப் போய்ச் சொல்ல ஒருவன் வேண்டும் என்று தோன்றும். இப்படி மூன்று வருடம்.

பக்கிரி ஓட்டையைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயவைத்தான். கொளஞ்சியம்மாளிடம் இருந்த துணி சோப்பை நனைத்துப் பிசைந்து ஓட்டைக்குள் அழுத்தினான். கொஞ்சம் இறுகியதும் மெல்லத் திருகி எடுத்தான். மரையோடு சோப்பில் ஒரு போல்ட் வந்தது.

"அடப்பாவி, துணி தொவைக்க வெச்சிருந்தேன்டா."

"அளவு எடுக்க வேற வழி இல்ல அத்தை. வண்டியைப் பாத்துக்க."

பஸ் பிடித்துச் சிதம்பரம் போனான். நேராகக் கடலூருக்குப் போயிருக்கலாம், போகவில்லை. மேல வீதியில் உதிரி பாகக் கடை வைத்திருந்தவர் சோப்பைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அங்குலமா, மில்லிமீட்டரா?"

"ரெண்டும் இல்லீங்க. ஏழரை நூலு."

"ஏழரையா? அதுக்கு எங்கிட்ட ஏன் வர்ற, திருநள்ளாறு போய் எண்ணெய் வெச்சிட்டு வா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த கடையில் ஏழு நூல் போல்ட்டில் சணலைச் சுற்றி அடித்துவிடச் சொன்னார்கள். மூன்றாவது கடையில் மரக்கட்டையைச் செதுக்கி அடைக்கச் சொன்னார்கள். பக்கிரி வெளியே வந்தான். அடித்துச் செருகுவதில் என்ன நடக்கும் என்பது அவனுக்கு ஒரு முறை தெரிந்தது போதும். வெயிலிலும் உள்ளங்கை வியர்வையிலும் சோப்பின் மரை வழவழப்பாகிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு கடை ஏறினால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. ரயிலடிக்கு நடந்தான்.

ரயிலில் உட்கார்ந்து பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தான். 'மச்சான், வண்டி நிக்குது' என்று தொடங்கலாம். வண்டியை வைத்துத் தொடங்கினால் மற்றது தானாக வரும். லூர்து முதலில் திட்டுவான். திட்டட்டும். திட்டிவிட்டு, "கடலை வாங்கினு வந்தியா?" என்பான். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கியதும் பக்கிரி ஒரு பொட்டலம் கடலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பட்டறையில் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்றவன் வேறு யாரோ.

சின்னையன் ஏறிட்டுப் பார்த்தார். "வாய்யா. இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

"லூர்து இல்லீங்களா மாமா?"

"ரெண்டு வருசம் ஆச்சி போயி. பிலாய் உருக்காலைக்குன்னு சொல்லிட்டுப் போனான். அங்கதான் இருக்கானா, அதைத் தாண்டிப் போயிட்டானா, எனக்கு என்னா தெரியும்? ஒரு கார்டு கெடையாது."

பக்கிரி கையில் இருந்த சோப்பை நீட்டினான். வேறு எதை நீட்டுவது என்று தெரியவில்லை. சின்னையன் அதை வாங்கக்கூட இல்லை. சுவர்ப் பக்கம் போனார். ஆணியில் மாட்டியிருந்த கம்பி வளையத்தை எடுத்தார். எண்ணெய்த் துணியில் சுற்றி ஒன்று தொங்கியது. பிரித்தால், போல்ட். தூசு படாமல் இருந்தது.

"போறப்ப கடைஞ்சி மாட்டிட்டுப் போனான். அந்த போல்ட்டு மூணு வருசம் தாங்காது, பக்கிரி வருவான்னான். நேரா வரமாட்டான், ஊரெல்லாம் சுத்திட்டுதான் வருவான்னும் சொன்னான்."

பக்கிரிக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவும் இல்லை, முழுதாக வரவும் இல்லை. "எம்மேல கோவம் இல்லீங்களா அவனுக்கு?"

"ஏன் இல்லாம? கோவத்துலதான் கடைஞ்சான். பாரு, மரை எவ்ளோ சுத்தமா இருக்குது." சின்னையன் திரும்பி லேத்துக்காரனிடம் எதையோ சொன்னார். பிறகு, "அஞ்சு லாரி வேலை போச்சிய்யா எனக்கு. அதையும் ஞாபகம் வெச்சிக்க," என்றார்.

கடலைப் பொட்டலத்தைச் சின்னையன் மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

வெயில் தாழ ஆயில் டின்னோடு வெள்ளாற்றங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். லாரிக்கு அடியில் படுத்து போல்ட்டை விரலால் திருகினான். ஸ்பானர் தேவைப்படவில்லை. கடைசிச் சுற்று வரை விரலுக்கே போனது. அதன் பிறகு ஸ்பானரில் ஒரு கால் சுற்று. எழுந்து வர அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஆளு கெடச்சானா?" என்று மேலிருந்து கேட்டாள் கொளஞ்சியம்மாள். போகும்போது அவளிடம் அவன் போல்ட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தான்.

"போல்ட்டு கெடச்சிது."

சந்தை முடிந்து சிதம்பரம் திரும்பியதும் உத்திராபதியிடம் போய் நின்றான். மூன்று வருடத்துக்கு முன்பு மரையைக் கெடுத்தது தான்தான் என்றான். உத்திராபதி கேட்டார்: "இப்ப ஆயில் ஒழுகுதா?"

"இல்லீங்க."

"அப்ப போயி வண்டியை எடு."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் அதோடு விடவுமில்லை; முதலாளியிடம் மறுபடி மறுபடி போய் நின்று, ஆறு மாதத்தில் இரண்டு லாரி வேலையைச் சின்னையனுக்கு வாங்கிக் கொடுத்தான். கடலூருக்கு வரும்போதெல்லாம் பட்டறை வாசலில் லாரியை நிறுத்துவான். "கார்டு வந்துச்சா மாமா?" என்பான். "வரல," என்பார் அவர். மாதம் ஒரு முறை ஆயில் மாற்ற அந்த போல்ட்டைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டுவான்.

அறுபத்து ஒன்பதில் உத்திராபதி அந்த லாரியைச் சேலத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். போல்ட்டை எடுத்துக்கொள்ள பக்கிரிக்கு ஆசை இருந்தது. எடுத்தால் லாரி ஓடாது. உலகத்தில் வேறெதுவும் அதற்குச் சேராது. கடைசியாக ஒரு முறை ஆயில் மாற்றினான். மாற்றும்போது சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அழுத்தி எடுத்தான். பிறகு போல்ட்டை மாட்டி லாரியை அனுப்பினான்.

சோப்பைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். அதே ஆணியில் தொங்கவிட்டான்.

"அவன் வந்தா குடுங்க மாமா. பாத்ததும் தெரிஞ்சிப்பான்."

"எலி தின்னுடும்டா."

"தின்னா வேற எடுத்தாந்து தர்றேன்."

"லாரியே போயிடுச்சே. எங்கேருந்துடா எடுப்ப?"

பக்கிரி துணிப் பொதியை ஆணியிலிருந்து எடுத்தான். எலிக்கு எட்டாதபடி, கூரைக் கம்பியில் இன்னும் உயரமாகக் கட்டினான்.