மைதானத்தில் காட்டிய நிலா

எனக்கு அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்துக் கோணும், நடந்ததில் பாதி மறந்தும் போகும். யாழ்ப்பாணம் போய் ஊரில் திரும்பக் குடியேறினவர்களும் என்னைப்போல இங்கேயே தங்கினவர்களும் பொறுத்து வாசியுங்கோ. புத்தளத்துக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலாகியும் ஒரு விசயம் எனக்குப் பழகவில்லை. புத்தளத்தின் இந்தக் கரைத்தீவுப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் ஓட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவார்கள். இறால் விற்க வந்தாலும் அறிவிப்பு, நாய்க்கு ஊசி போட வந்தாலும் அறிவிப்பு. இங்கத்தையாக்கள் அதைக் காதில் போடாமல் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கை நின்றுவிடும். என்னோடு இருக்கிற, என் கூடப்பிறந்த மூத்தவ, லாத்தா, அடுப்பையே அணைத்துவிடுவா.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அறிவித்ததும் அப்படித்தான். எல்லா முஸ்லிம் குடும்பமும் மைதானத்துக்கு வரவேணும் என்றார்கள். ஏதோ கூட்டமென்று நினைத்து லாத்தா சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு வந்தா. துவக்கோடு நின்ற இயக்கப் பொடியன்கள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். போகிற வழியில் வரிசையாக நிறுத்தி, பையைக் கொட்டிப் பார்த்து, காதில் கிடந்ததையும் கழற்றினார்கள். லாத்தாவின் ஒரு தோடு கழலவில்லை. இழுத்தார்கள். அந்தக் காது இன்றைக்கும் பிளந்துதான் கிடக்கிறது. மற்றக் காதில் மட்டும் பிறகு ஒரு சின்னத் தோடு வாங்கிப் போட்டா.

போன மாதம் ஓட்டோ வந்தது. கொழும்புக் கம்பஸ் பிள்ளைகள் டெலஸ்கோப் கொண்டுவந்து நிலாவும் நட்சத்திரமும் காட்டப் போகிறார்களாம். மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு எல்லாக் குடும்பங்களும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்க, வானம் தெளிவாகத் தெரிய வீட்டு லைட்டுகளை அணைத்துவிட்டு வாங்க என்று சொல்லிக்கொண்டு போனது. "வானம் பார்க்கத்தான் லாத்தா, வேற ஒண்டுமில்ல" என்றேன். "ஓம், ஓம்" என்றா. நான் தொழுதுவிட்டு வரும்போது முக்காட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வாசலில் நின்றா. நான் கேட்கவில்லை. எனக்கு நிலா பார்க்கிற ஆசை.

மைதானம் முழுக்க இருட்டு. கண் கூசக்கூடாதென்று டோர்ச்சுக்குச் சிவப்புக் கடதாசி சுற்றிப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வரிசை ஒழுங்குபண்ணினார்கள், பெயர் எழுதினார்கள். லாத்தாவை மதிலோரம் இருத்திவிட்டு நான் வரிசையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் லாத்தா பெயர் எழுதுகிற மேசைக்கு முன்னால் நிற்கிறா. காதிலிருந்த தோட்டைத் தானாகவே கழற்றி அங்கிருந்த சிங்களப் பிள்ளையின் கைக்குள் வைத்தா.

"சல்லி எபா அம்மே, ஃப்ரீ, ஃப்ரீ" என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். காசு தருகிறா என்று நினைத்துவிட்டாள்.

"வேற ஒண்டும் ஒளிக்கல்ல மகள். காத மட்டும் இழுக்காதீங்கோ." லாத்தா முக்காட்டுக்குள் இருந்த மூட்டையை அவிழ்த்து மேசையில் விரித்தா. இரண்டு சீலை, குர்ஆன், சுகர் குளிசை, ஊர் வீட்டுக் காணி உறுதிப் பத்திரம்.

எனக்குப் பின்னால் நின்ற இங்கத்தை ஊர்ப் பெண் ஒருத்தி சத்தமாகச் சொன்னா: "நிலாவிலயும் அகதியாக்களுக்குக் காணி குடுக்கப் போறாங்களாம். உறுதியோடயே வந்துட்டா பாருங்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு பொடியன் போனில் வீடியோ எடுத்தான். "ஆர்ர கிழவி இது? ஆருமில்லையா?" என்று அந்தப் பெண் கேட்டா. என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டா.

நான் வரிசையில் ஓரடி முன்னுக்கு நகர்ந்தேன். என் முறை வந்தது. குனிந்து பார்த்தேன். சட்டியில் வேகிற அப்பம் போலப் பொத்தல் பொத்தலாக நிலா. அல்லாஹ் மன்னிக்கட்டும், அவ்வளவு வடிவு. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டு இரண்டாம் தரமும் பார்த்தேன். அதுவரைக்கும் லாத்தா சீலை மடித்துக்கொண்டிருந்தா.

எல்லாரும் கலைந்த பிறகும் அவ மைதானத்தை விட்டு அசையவில்லை. "எந்தப் பக்கம் நடக்கச் சொன்னாங்க?" என்று கேட்டா. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்குக் கோபமும் வெட்கமும். கடைசியில் ஒரு பொய் சொன்னேன்.

"விட்டுட்டாங்க லாத்தா. வீட்டுக்குப் போகலாமாம்."

"நம்மட வீட்டுக்கா?"

"ஓம்."

முழங்கால் நோவென்று கிணற்றடிக்கே போகாதவ எனக்கு முன்னால் நடந்தா. இந்தப் புத்தளத்து வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டா. "நம்மட வீட்ட என்ன செஞ்சு வச்சிருக்கிறாங்க? கதவையும் மாத்திட்டாங்க. உள்ள ஆரோ இருக்கிறாங்க, கேளாமப் போகக்கூடாது" என்று முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டா.

இன்றைக்கும் அங்கேதான். சாப்பாட்டை அங்கே கொடுக்கிறேன். "பெரிய உபகாரம் பிள்ள" என்று பிறத்தியாளுக்குச் சொல்வதுபோலச் சொல்லி வாங்குகிறா. நம்மட கதவு பச்சை, பச்சைக் கதவு இருந்தால் வருவேன் என்கிறா. எனக்கு அது நீலம் என்றுதான் ஞாபகம். பச்சை அடித்துப் பார்த்தேன். கையால் தடவிவிட்டு, இந்தப் பச்சை இல்லை என்றா. மாரி தொடங்கப் போகிறது.

அதனால்தான் எழுதினேன். ஊருக்குப் போய்வருகிறவர்கள் ஆராவது எங்கள் வீட்டுப் பக்கம் போய், கதவு என்ன நிறமென்று சரியாகப் பார்த்து எழுதுங்கோ. கதவே இல்லையென்றால் கதவு நிலையில் ஒட்டின பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கோ. நிலையும் இல்லையென்றால் அதை எனக்கு மட்டும் சொல்லுங்கோ. இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெரியும்.