வெள்ளைக் குழாயில் குங்குமம்

தொண்ணூறுகளின் கடைசியில் அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். உலோகப் பொடியை அழுத்தி, உலையில் சுட்டு, சின்னச் சின்ன பாகங்கள் செய்வோம். உலையை ஓட்டியது என் கூடப்பிறந்த அண்ணன். உலையின் நடுவே பீங்கான் மாதிரி வெள்ளையாக ஓர் அலுமினாக் குழாய் படுத்திருக்கும். அதற்குள்தான் ஹைட்ரஜன் ஓடும். அந்தச் சூட்டில் வெளிக்காற்று கலந்தால் வெடிக்கும். முதலில் போவது பக்கத்தில் நிற்கும் அண்ணன்தான்.

பொல்லாத குழாய் அது. அரம் போட்டால் அரம்தான் தேயும். இரும்பு உருகும் சூட்டிலும் அசையாது. மையைக் கொட்டினாலும் துடைத்தால் போய்விடும், பொட்டுக் கறை நிற்காது. ஆனால் சூட்டோடு தண்ணீர் பட்டால் போச்சு. இரும்பாவது வளைந்து நெளிந்து நமக்குக் காட்டும். இது சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விட்டுவிடும்.

ஆயுதபூசை அன்று ஹைட்ரஜனை நிறுத்தியிருந்தோம், ஆனால் உலை ஆறவே இல்லை. நல்ல நேரம் முடியப்போகிறதென்று முதலாளி பரபரத்தார். உலையின் மூடியைத் திறக்கச் சொல்லி, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைக் குழாய்மேல் தெளித்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அதோடு 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"அண்ணே, குழாய் விரிசல் விட்டுருச்சு. எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அண்ணன் முதலாளியைப் பார்த்தான். முதலாளிதான் எரிந்து விழுந்தார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுற? வாயக் கழுவு தாயி."

சாயங்காலம், ஆறிய குழாய்க்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பூசைக் குங்குமத்தை எங்கள் பட்டறையில் யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாக உதிர வேண்டும். விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. உலையை மூட்டியே ஆக வேண்டுமாம். முதலாளி பக்கத்தில் நிற்க, அண்ணன் ஹைட்ரஜன் சிலிண்டர் வால்வில் கை வைத்தான். சாமி குத்தம் வந்தால் என் தலையோடு வரட்டும் என்று ஈரத்துணியை எடுத்தேன். "ஏய், ஏய்" என்று முதலாளி பாய்வதற்குள் குழாயை அழுந்தத் துடைத்துவிட்டேன். சந்தனம் போனது, குங்குமமும் போனது. மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் குழாயைச் சுற்றி நின்றது. மறுபடி துடைத்தேன். போகவில்லை.

அண்ணன் வால்விலிருந்து கையை எடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான்.

"நேத்தே எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு புள்ள" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை அவன்மேலேயே வீசினேன். "அப்புறம் என்ன எழவுக்கு வால்வுல கை வச்ச?"

"மொதலாளி நிக்கிறாரேன்னுதான்."