அண்ணி சொன்ன எடை

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளை வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு கழுவுகிறவர்கள் நாங்கள். மொட்டைமாடி விளிம்பில் ஒருவன் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி நிற்பான். பின்னால் நிற்கும் கூட்டாளி முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு "சரி" என்பான். முன்னால் நிற்பவன் அந்த ஒரு சொல்லை நம்பி இறங்கிவிடுவான். குனிந்து பார்த்தால் தலை சுற்றும், குனியவே கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

மூட்டையண்ணன் இருபது வருஷம் அப்படி இறங்கியவர். அதில் கடைசிப் பதினொரு வருஷம் அவருக்கு "சரி" சொன்னவன் நான். பட்டப்பெயரே ஆள் எப்படி என்று சொல்லிவிடும், நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஆனால் கயிற்றில் தொங்கிவிட்டால் ஆளே வேறு. பதினாறாம் மாடிக்கு உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குக் கண்ணாடியில் சோப்பு நுரையாலேயே மீசை வரைந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துவிடுவார்.

அந்த மனிதர் தலையில்தான் புதுச் சட்டம் வந்து விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கயிற்றில் இறங்கக் கூடாது, மூன்று மாதம் கழித்து எடை பார்ப்போம், தேறாதவர்களுக்குக் கீழே வாளி நிரப்பும் வேலை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்கு மதியம் சாப்பிடவே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற பிழைப்பு வந்தால் அதற்குச் சாவே மேல் என்றார்.

மறுநாள் விடியற்காலையில் நடக்கக் கிளம்பினார். போகும்போது நடை, வரும்போது பஸ். முட்டி வலி என்றார். நன்றாகத் திட்டினேன். இரண்டாம் நாள் பத்தே நிமிஷம் நடந்தார், திரும்பியும் நடந்தே வந்தார். மூன்றாம் வாரத்தில் அரை மணி நேரம் ஆயிற்று. வேலைக்கு வந்தால் லிஃப்ட் பக்கமே போகாமல் படியேறினார், முதலில் நாலு மாடி, அப்புறம் எட்டு. டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தவர் இரண்டாக்கி, ஒன்றாக்கி, கடைசியில் வெறும் டீயைக் கஷாயம் குடிக்கிற மூஞ்சியோடு குடித்தார்.

வீட்டில் அண்ணி பெரிய தட்டை எடுத்து ஒளித்துவிட்டுச் சின்னத் தட்டு வைத்தார். பாதித் தட்டுக்குக் காய்கறி. பொரித்ததெல்லாம் நின்றுபோயிற்று. அவரை விட அண்ணிக்குத்தான் அக்கறை என்று நான் நாலு பேரிடம் பெருமையடித்தேன். இந்த வாயை இப்போது எதைப் போட்டுக் கழுவுவது?

ஞாயிறுதோறும் எடை பார்ப்பார்கள். குளியலறை வாசலில் பழைய முள் தராசு ஒன்று. ஏறி நின்றால் தொப்பை மறைக்கும், முள் தெரியாது. அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணைச் சொல்வார். அண்ணன் மொட்டைமாடி விளிம்பில் நிற்பது போலவே நேரே பார்த்து நிற்பார், சொன்னதைக் கேட்டுக்கொண்டு இறங்குவார். நூற்று ஒன்பது, நூற்று ஐந்து, நூற்றொன்று. எட்டாவது ஞாயிறு தொண்ணூற்றெட்டு. எனக்குப் போன் பண்ணி மனிதர் அழுதேவிட்டார்.

அப்புறம் அண்ணியே ஆரம்பித்தார், போதும், முட்டி தேய்ந்துவிடும், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவருக்கு அது தேனாக இனித்தது. நடை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. தட்டில் பொரித்தது திரும்ப வந்தது. எடை கூடியிருக்கிறதா என்று கேட்டால், அதே தொண்ணூற்றெட்டு என்று அண்ணி சொன்னார். நானும் "போதும்ணே" என்றுதான் சொன்னேன், மடையன்.

மூன்று மாதக் கெடு முடிந்த அன்று அண்ணன் மேலாளர் அறையில் இருந்த எடை மெஷினில் ஏறினார். நூற்று மூன்று.

அண்ணன் சிரித்தார். ஷூவைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், மறுபடி ஏறினார். இம்மி அசையவில்லை. மெஷின் பொய் சொல்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டைக்கே போய்விட்டோம். மேலாளர் ஒரு இருபது கிலோ சோப்புத்தூள் மூட்டையைத் தூக்கி மெஷின் மேல் வைத்தார். இருபது என்று காட்டியது.

நேரே வீட்டுக்குப் போனோம். அண்ணன் ஷூவோடு உள்ளே போய்த் தராசில் ஏறினார். அண்ணி பழக்கத்தில் உட்காரப் போனார். வேண்டாம் என்று அண்ணன் கையைக் காட்டிவிட்டுத் தானே குனிந்தார். நிஜமாகவே ஒன்பது கிலோ குறைந்திருந்ததால் இப்போது முள் தெரிந்தது. தராசின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நூற்று மூன்று.

"எப்போலேர்ந்து?" என்றார்.

அண்ணி மறைக்கவில்லை. "ரெண்டாவது வாரத்துலேர்ந்து. உண்மையச் சொன்னா நீங்க கொறச்சிருவீங்க, மறுபடி மேல ஏறிருவீங்க. அன்னிக்கு ஒன்பதாவது மாடியில கயித்துல தொங்கிக்கிட்டு காத்துல அரை மணி நேரம் ஆடினீங்களே, கீழ நின்னு பாத்தவ நான். பத்து வருஷமா அடுத்த வருஷம் விட்டுடறேன்னுதானே சொல்றீங்க?"

"நீ சொன்னத நம்பி நான் குனிஞ்சுகூடப் பாக்கலயேடி."

அண்ணி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன். பயம் இருந்தால் கதவைப் பூட்டியிருக்கலாம், கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம். கூடவே உட்கார்ந்து காய்கறி நறுக்கிக் கொடுத்து, நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்.

இது நடந்து ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் கீழே வாளி நிரப்புகிறார். யாருக்கும் மீசை வரைவதில்லை. நடையை மட்டும் விடவில்லை, உடம்புக்கு நல்லது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடை பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது வருகிற வெள்ளிக்கிழமை.

போன ஞாயிறு நான் போனபோது அண்ணன் தராசில் நின்றார். குனிந்து தானே பார்த்துக்கொண்டார். அண்ணி சமையலறையிலிருந்து எவ்வளவு என்று கேட்டார்.

"நூத்தி மூணு," என்றார் அண்ணன்.

பக்கத்தில் நின்ற எனக்கு முள் நன்றாகத் தெரிந்தது. தொண்ணூற்றேழு. அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நூத்தி மூணுதானே தம்பி? நீங்க பாத்தீங்களா?"

அண்ணன் திரும்பவில்லை, சுவரை நேரே பார்த்தபடி நின்றார். பதினொரு வருஷமாக அவர் முதுகைப் பார்த்து நான் சொல்லிப் பழகிய சொல் ஒன்றுதான்.

"சரி அண்ணி," என்றேன். அண்ணி நிம்மதியாக அடுப்படிக்குப் போனார்.