கைபேசி வயலில் ஒரு காலடி

துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் கைபேசி விளையாட்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் தொழிற்சாலைப் பையன்கள் ஷிப்ட் முடிந்து வந்ததும் அதைத்தான் ஆடுவார்கள். "சாவுடா, சாவுடா" என்று கத்துவது கீழே வரைக்கும் கேட்கும். அந்த விளையாட்டில் எனக்குக் குறையே இல்லை. ஒருவன் விழுந்த கணமே சுட்டவன் பெயர் திரையில் வந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் அவனைத் தேடிப்போய்ச் சுடலாம். ஒளிவுமறைவு கிடையாது.

நான் பார்த்ததிலேயே கொடூரமாக வடிவமைக்கப்பட்டது என் மனைவி ஆடிய பயிர் விளையாட்டு. பச்சை வயல், மாட்டு மணிச் சத்தம், காற்றில் தலையாட்டும் வைக்கோல் பொம்மை. பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் இதைச் சொல்லவில்லை. அந்த வயலில் திருடியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

விளையாட்டின் விதி எளிது. காலையில் நெல் விதைத்தால் மதியத்துக்குள் விளைந்துவிடும். சொந்தக்காரர் வந்து அறுக்கும்வரை பக்கத்து வயல்காரர் உள்ளே நுழைந்து பறித்துக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. தண்ணீர் ஊற்றும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், அதே பச்சையில். உதவி செய்யவும் திருடவும் கட்டைவிரல் ஒரே தூரம்தான் நகர வேண்டும். பறிகொடுத்தவர் திரும்பி வந்தால் வயலில் சேற்றுக் காலடி தெரியும். யாருடைய காலடி என்று மட்டும் விளையாட்டு சொல்லாது.

இதை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் மனித மனத்தை நன்றாகப் படித்தவர். காலடியே பதியாவிட்டால், ஏதோ இயந்திரக் கோளாறு என்று விட்டுவிடுவோம். பெயரோடு பதிந்தால் திருடன் பயப்படுவான். பெயரில்லாத காலடி வேறு மாதிரி வேலை செய்யும். தவறு நடந்தது என்று சொல்லிவிட்டு, செய்தவனை நம்மையே தேடச் சொல்லும். தேடுகிறவர்கள் தூரத்தில் தேடுவதில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஸ்ரீபெரும்புதூருக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். அவள் நாள் முழுக்கக் குடிக்கக்கூடிய தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பது என் வேலை. அதற்குமேல் ஒரு மடக்கு கேட்டாலும் நான் தரக்கூடாது. கைபேசி வயலில் தண்ணீருக்கு அளவு இல்லை. "ஊத்து ஊத்துன்னு ஊத்தறேன், எவனும் ஏன்னு கேக்கல" என்று சிரிப்பாள்.

அந்த வயலின் துண்டுகளுக்கு அவள் பெயர் வைத்திருந்தாள். கிணத்தங்கரை, ஏரிமேடு, புளியமரத்துண்டு. வல்லம் வடகால் பக்கம் அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த நிலத்தின் பெயர்கள் அவை. அந்த நிலத்தை விற்றது நான். அவளுக்கு இஷ்டமில்லை, கையெழுத்து வாங்கினேன். இப்போது அங்கே ஒரு கிடங்கு இருக்கிறது. வாசலில் கார் ஏற்றும் டிரெய்லர்கள் நிற்கின்றன.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். "கிணத்தங்கரை விளைஞ்சிருக்கு, நான் அறுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு வயல அறுத்தது போதும். போன கீழ வைங்க."

அவளுடைய தங்கையும் அப்போது கூட இருந்தாள். வல்லக்கோட்டையிலிருந்து டயாலிசிஸ் நாள் தவறாமல் சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தை இல்லாதவள், அக்காதான் அவளுக்கு எல்லாம். அவளுக்கும் அதே விளையாட்டில் பக்கத்திலேயே ஒரு வயல் உண்டு.

"மாமாவ வுட்டா போனையும் கெரயம் பண்ணிட்டு வந்துடுவாரு அக்கா" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றைக்கே என் கைபேசியில் அந்த விளையாட்டை இறக்கினேன். கிளிப் படம் போட்டு, பெயர் சொல்லாமல், இரண்டு பேருக்கும் பக்கத்து வயல்காரன் ஆனேன்.

முதலில் தண்ணீர்தான் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். "யாரோ ஒரு கிளி, நல்ல மனுசன், தவறாம வந்து ஊத்தறாரு" என்று மனைவி என்னிடமே சொன்னாள். நம்பிக்கை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு பறிக்கத் தொடங்கினேன். அவள் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருப்பாள். அவள் பையும், பைக்குள் அவள் கைபேசியும் வெளியே நடைகூடத்தில் என் மடியில் இருக்கும். என் கைபேசியில் அவள் வயலைத் திறந்து ஒவ்வொரு துண்டாகப் பறிப்பேன். டயாலிசிஸ் நாளில் விதைக்காமல் விடலாமே என்று தங்கை சொல்லிப்பார்த்தாள். "தரிசா போடறதா?" என்று மனைவி மறுத்துவிட்டாள்.

எதிராளியின் முகம் தெரியாததால்தான் மனிதர்கள் விளையாட்டில் கொடுமை செய்கிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பினேன். நல்ல விளையாட்டு என்றால் தோற்றவர் முகத்தைக் காட்ட வேண்டும் என்று மாடிப் பையன்களிடம் பேசியும் இருக்கிறேன். அது பொய். எனக்கு முகம் தெரிந்தது. தலைசுற்றலோடு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வேலையாகப் போனைக் கேட்பாள். திறந்து பார்ப்பாள். உதடு உள்ளே மடிந்துவிடும். காலடிகளைத் துடைத்துவிட்டு மறுபடி விதைப்பாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் பறித்தேன். அந்த நெல்லை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை.

அவள் கிளியைச் சந்தேகப்படவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவன் அல்லவா. அவள் எந்த நேரத்தில் படுத்திருப்பாள் என்று தெரிந்த பக்கத்து வயல்காரி ஒருத்திதான், அவள் தங்கை.

ஒருநாள் வீட்டில் தங்கையைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏண்டி, நான் மிஷின்ல படுத்துனு கீறப்பதான் என் நெல்லு ஒனக்குக் கண்ணுல படுதா?"

"அக்கா, இன்னா பேசற? சத்தியமா நான் இல்ல. முருகன் மேல ஆணையா."

"முருகன இழுக்காத. புள்ள இல்லாதவளுக்கு இன்னாத்துக்குடி நெலம்? போன்லயும் அடுத்தவ வூட்டதுதான் வேணுமா?"

தங்கை, "மாமா பக்கத்துல கீறாரா?" என்று மட்டும் கேட்டாள். எதற்காக அவள் கேட்டாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நியாயம் சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் மறுநாளுக்கான பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தவில்லை. போன் துண்டிக்கப்பட்டது.

அதன் பிறகு தங்கை வரவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்த இரவுகளில் மனைவிக்குக் காலில் தசை இழுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் தங்கைதான் தங்கியிருந்து பிடித்துவிடுவாள். இப்போது நான் பிடித்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவ கை ஒங்களுக்கு வராது" என்றாள். திருடி என்று தீர்த்துவிட்ட பிறகும் அவளுக்கு அந்தக் கைதான் வேண்டியிருந்தது.

சில வாரம் தாங்கினேன். பிறகு ஒரு மாலை, காலைப் பிடித்தபடியே, "அந்தக் கிளி நான்தான்" என்றேன்.

"எந்தக் கிளி?"

"தண்ணி ஊத்தற கிளி. பறிச்சதும் அதுதான்."

காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். "அதுக்கும் சேத்து சாமி கும்பிட்டேனே" என்றாள். தங்கைக்கு நானே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"வேணாம்."

"ஏன்?"

"புள்ள இல்லாதவன்னு சொல்லிட்டேன் அவள. அவ திருடி இல்லன்னா நான் இன்னா ஆவறேன்? திருடியாவே இருக்கட்டும்."

பிறகு என் கைபேசியைக் கேட்டாள். தங்கை அக்காவைத் தன் பக்கத்து வயல்களிலிருந்து நீக்கியிருந்தாள், கிளியை நீக்கவில்லை. கிளியின் வழியாகத் தங்கையின் வயலைத் திறந்து பார்த்தாள். வாசலில் ஒரு வெள்ளை மாடு நின்றது. ஒரு பொங்கலுக்கு இவள் அனுப்பிய பரிசு அது. விற்றால் நிறையப் புள்ளிகள் கிடைக்கும்.

"மாட்ட வெச்சுனு கீறா" என்றாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது போன் செய்துவிடுவாள் என்று நினைத்தேன். கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"வெளைஞ்சு நிக்குது. பறி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

"பறின்றேன்ல. ஒனக்குத்தான் அது நல்லா வருமே."

பறித்தேன். தங்கையின் வயலில் சேற்றுக் காலடிகள் பதிந்தன. அக்காதான் வேறு பெயரில் வந்து பறிக்கிறாள் என்று அவள் நினைப்பாள். என் மனைவிக்கும் அது தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் உள்ளே போகும்போது, "பறிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

இன்றைக்கும் கேட்டாள். பறித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். இதை நடைகூடத்தில் உட்கார்ந்து, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் தங்கை இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவள். வெள்ளை மாடு வரும் இடத்தில் அவளுக்கு விளங்கிவிடும். மனைவி வேண்டாம் என்று சொன்னதைத்தான் செய்கிறேன். தங்கை திருடி என்று அவள் தனக்கென்று மிச்சம் வைத்திருந்த ஒரே காரணத்தையும் பறித்துக்கொள்கிறேன். தங்கைக்காகச் செய்கிறேனா, என் பாரத்தை இறக்கிவைக்கச் செய்கிறேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவையும் அவள் உள்ளே படுத்திருக்கும் நேரம்தான் எனக்குக் கிடைத்தது.

நர்ஸ் கதவைத் திறக்கிறார். அவள் வெளியே வந்து போனைக் கேட்பதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும்.